காட்டிக்கொடுக்கும் இன்ஜின்

நவம்பர் 17, ஞாயிறு. ஓடோமீட்டர் 18,558

காலை ஐந்தரைக்குச் சிங்காநல்லூரில் கிளம்பி, ஏழேகாலுக்கு ஆழியாறு சோதனைச் சாவடி. பெயர், வண்டி எண், தனியாகவா போகிறீர்கள் என்ற வழக்கமான கேள்வி. மழை பெய்து ஓய்ந்திருந்தது. வால்பாறை மலைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் பலகை உண்டு. ஏறும்போது ஒவ்வோர் எண்ணையும் ஹெல்மெட்டுக்குள் சத்தமாகச் சொல்வது என் பழக்கம். ஏழு வருடமாக, முப்பத்தெட்டு வயதில் இந்த இரட்டை சிலிண்டர் வண்டியை வாங்கிய நாளிலிருந்து, இப்படித்தான் ஏறுகிறேன்.

இன்று ‘ஏழு’ என்று சொன்னேன். அடுத்து நினைவில் இருப்பது இன்ஜின் உலுக்கிய உலுக்கல். மூன்றாவது கியரில், ஆள் நடக்கிற வேகத்தில் வண்டி முக்கிக்கொண்டிருந்தது. கைப்பிடி, டேங்க், என் முழங்கால் எல்லாம் கடகடவென்று அடித்துக்கொண்டன. இன்னும் ஒரு நொடியில் அணைந்திருக்கும். கிளட்சைப் பிடித்தேன். எதிரே பலகையில் ஒன்பது என்று இருந்தது.

எட்டைச் சொன்ன நினைவு இல்லை. எட்டில் திரும்பிய நினைவும் இல்லை.

ஒன்பதாவது வளைவின் காட்சிமுனையில் வண்டியை நிறுத்தினேன். பாறை மேல் இரண்டு வரையாடுகள் நின்று என்னைப் பார்த்தன. பிளாஸ்கில் இருந்த காபியை ஊற்றாமலே மூடினேன். மேலே போகாமல் திரும்பினேன். இறங்கும்போது எட்டில் வண்டியை ஓரங்கட்டிப் பார்த்தேன். தடுப்புச் சுவரில் ஒரு லாரி இடித்த இடைவெளி இருந்தது. அதில் சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள். நாடாவுக்கு அந்தப் பக்கம், வெகு கீழே, அணைத் தண்ணீர்.

கல்லூரி ஆய்வகத் தணிக்கையைப் பற்றி யோசித்துக்கொண்டு வந்திருப்பேன். அவ்வளவுதான்.

நவம்பர் 18, திங்கள்

அடுப்பில் பால் பொங்கி வழிந்து அணைந்துவிட்டது. நான் அடுப்பின் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தேன்.

நவம்பர் 20, புதன்

இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் வகுப்பு. நான்கு சிலிண்டர் இன்ஜினில் எந்த சிலிண்டர் எந்த வரிசையில் எரியும் என்ற பாடம். பதினெட்டு வருடமாக நடத்துகிற பாடம். கரும்பலகையில் 1–3 என்று எழுதினேன். பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. திரும்பினால் முன்வரிசைப் பெண் எழுந்து நின்றிருக்கிறாள்.

“நாலு, ரெண்டு, மேடம்.”

“தெரியும். நீங்க சொல்றீங்களான்னு பாத்தேன்” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்காமல் உட்கார்ந்தாள். சாக்பீஸ் என் கையில் இல்லை. மேசைக்கு அடியில் இரண்டாக உடைந்து கிடந்தது. அது விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

நவம்பர் 23, சனி. ஓடோமீட்டர் 18,571

ஜாபர் அண்ணனின் பட்டறைக்குப் போனேன். என் வண்டியைத் தொட இந்த ஊரில் அவர் ஒருவரைத்தான் நம்புவேன். மலையில் இன்ஜின் உலுக்கியதைச் சொன்னேன். எட்டாவது வளைவைச் சொல்லவில்லை.

அரைமணி நேரம் பார்த்தார். பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பினார், தெருவை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

“வண்டிக்கு ஒன்னுமில்லீங்க டீச்சர். எந்த கியர்ல இருந்தீங்க?”

“மூனு.”

“எவ்ளோ ஸ்பீடு?”

“பத்து, பன்னெண்டு இருக்கும்.”

“நீங்களா? கொண்டை ஊசில மூனுலயா ஏறினீங்க?” துணியில் கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். “அது உலுக்காம என்ன பண்ணும், தாலாட்டா பாடும்?”

பட்டறை மூலையில் ஒரு நான்கு சிலிண்டர் வண்டி நின்றிருந்தது. வெளிநாடு போய்விட்ட ஒரு பல் டாக்டருடையதாம். ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாமா என்று கேட்டேன். சத்தம் என்று சொல்ல முடியாது, தையல் மெஷின் பக்கத்து அறையில் ஓடுகிற மாதிரி ஒரு முனகல். டேங்கின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தால் அலையாது.

ஜாபர் அண்ணனுக்கு முகம் மாறிவிட்டது. “அது நல்ல வண்டிதான். டாப் கியர்ல போட்டு முப்பதுல உருட்டுங்க, முனங்காம இழுக்கும். ஆனா அது பெரிய ஆபீசர் மாதிரி. உள்ள என்ன நடக்குதுன்னு முகத்துல தெரியாது. உங்க ரெண்டு சிலிண்டர் வண்டில ஒன்னு படுத்துச்சுன்னா அடுத்த தெருவுக்குக் கேக்கும். இதுல ஒன்னு படுத்தா மத்த மூனும் சேந்து மறைச்சிரும். நீங்க ஊர் போய்ச் சேந்தப்புறம்தான் தெரியும்.”

“அதுதாங்க இன்ஜினியரிங். அதிர்வை ஒன்னுக்கொன்னு ஈடுகட்டுறது.”

“நீங்க பாடம் நடத்துவீங்க. நான் கழட்டி மாட்டறவன்.”

டாப் கியரில் முப்பதில் உருட்டினாலும் முனகாது. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அதுவே மனதில் ஓடியது.

நவம்பர் 26, செவ்வாய்

இன்று நல்லசிவம் ஒரு கேள்வி கேட்டார். என் கணவர் பம்ப் பட்டறை வைத்திருக்கிறார், பைக் ஓட்டத் தெரியாது. வீட்டில் நான் ஓட்டுகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிவதில் அவருக்கு ஒரு பெருமை.

“ஏனம்மிணி, ரசத்துல ரெண்டு வாட்டி உப்புப் போட்டயா?”

“ஒரு வாட்டிதானுங்க போட்டேன்.”

“அப்ப உப்பு ரொம்ப நல்ல உப்பு” என்று சொல்லிவிட்டு மோரை ஊற்றிக்கொண்டார். சாப்பிட்டு முடிக்கும்வரை என் முகத்தையே இரண்டு மூன்று தடவை பார்த்தார்.

காரணமில்லாமல் இன்று சின்ன மாமா நினைவு. அம்மாவின் தம்பி. எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது, கல்யாண வீட்டுப் பந்தியில் இலை முன்னால் அப்படியே சரிந்தார். யாரோ ‘இரும்பு, இரும்பு’ என்று கத்த, பெரியப்பா இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை உருவி மாமாவின் கைக்குள் திணித்து விரல்களை மடக்கிப் பிடித்தார். அதனால் நின்றதா, தானாக நின்றதா, தெரியாது. அதற்கப்புறம் மாமாவைக் கிணற்றுப் பக்கம் விடவில்லை. சைக்கிள் தரவில்லை. பெண் தரவில்லை. அவருக்கு என்ன என்பதற்கு ஒரு சொல் இருந்தது. வீட்டில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

மாமா கீழே விழுவார், வாயில் நுரை வரும். நான் விழவில்லையே. எட்டில் திரும்பி ஒன்பதுவரை வந்திருக்கிறேனே.

டிசம்பர் 1, ஞாயிறு

ஜாபர் அண்ணனிடம் நான்கு சிலிண்டரை வாங்கிக்கொண்டு பொள்ளாச்சி சாலையில் ஒரு ஓட்டம்.

உண்மையை எழுத வேண்டும், அற்புதமான வண்டி. கியர் மாற்ற மறந்தாலும் குறை சொல்லாது. வேகம் குறைந்தாலும் கூடினாலும் ஒரே ஓட்டம், வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி. என் பழைய வண்டி ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கும்: கியரை இறக்கு, கொஞ்சம் முறுக்கு, கவனி. இது எதையும் கேட்பதில்லை. ஓட்டுகிறவளுக்கு நிம்மதி.

கிணத்துக்கடவில் வழக்கமான கடையில் டீ குடிக்க நினைத்திருந்தேன். பார்த்தால் கோவில்பாளையம் தாண்டியிருந்தது. மேம்பாலம் வழியாக வந்திருப்பேன், அதனால் கடை கண்ணில் பட்டிருக்காது. நான்கு வழிச்சாலையில் அப்படித்தான்.

இண்டிகேட்டர் எரிந்துகொண்டே இருந்தது. எப்போது போட்டேன் என்று தெரியவில்லை. புது வண்டியில் சுவிட்ச் பழகவில்லை.

டிசம்பர் 4, புதன்

மகள் மிருதுளா பெங்களூரிலிருந்து கூப்பிட்டாள். இருபத்தியோராம் தேதி வருகிறாளாம், பத்து நாள் விடுப்பு.

“ஞாயித்துக்கெழமை வால்பாறை போலாமா? நீ ஓட்டு, நான் பின்னாடி உக்காந்து கதை பேசறேன்.”

“பின்னாடி உக்காந்தா உனக்குப் பயமில்லையா கண்ணு? மழைக்காலம்.”

“நீ ஓட்டறப்ப எனக்கென்ன பயம்?”

போனை வைத்த பிறகு வெகுநேரம் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தேன். நான்கு துணிதான் இருந்தது.

டிசம்பர் 10, செவ்வாய்

நான்கு சிலிண்டர் வண்டியையே எடுத்துக்கொள்ளலாம் என்று நல்லசிவத்திடம் சொன்னேன். பழையதை ஜாபர் அண்ணனிடமே விட்டுவிடலாம்.

“அதுல என்ன இல்லைன்னு இதைக் கேக்கற? அந்த வண்டியத் தொடைக்கறதுக்கு என் வேட்டியக் கிழிச்சவதான நீ?”

“அதிர்வு ஒத்துக்கலைங்க. மணிக்கட்டு வலிக்குது.”

அவர் எழுந்து போய் நல்லெண்ணெயை வெதுவெதுப்பாகச் சுடவைத்து எடுத்துவந்தார். நான் கையை நீட்டினேன். கட்டைவிரலால் நீவிக்கொண்டே இருந்தவர் நிறுத்தினார்.

“காலைல வலது கைன்னயே.”

நான் நீட்டியிருந்தது இடது கை.

“ரெண்டும்தான் வலிக்குது” என்றேன்.

“ம்” என்றார். இடது கையை முடித்துவிட்டு வலது கையையும் எடுத்து, அதே பொறுமையோடு நீவிவிட்டார். இருபத்திரண்டு வருடத்தில் இவரிடம் நான் சொன்ன பொய்களை விரல்விட்டு எண்ணலாம். அவற்றில் ஒன்றுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறார். அழுகை வந்தது. வலியில் அழுகிறேன் என்று இன்னும் மெதுவாக நீவினார்.

அவரிடம் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். டாக்டர், ஸ்கேன், மாத்திரை. சாவியைப் பீரோவில் வைத்துப் பூட்டுவார். கடுமையாக ஒன்றும் சொல்ல மாட்டார், அன்பாகத்தான் பூட்டுவார். அதுதான் தாங்காது. கல்லூரி, சமையல், மாமியார் வீட்டு விசேஷம் எல்லாம் யாரோ எனக்கு எழுதிக் கொடுத்தவை. அந்த நாற்பது வளைவுகள் மட்டும் நானாகப் போய் எடுத்துக்கொண்டவை.

டிசம்பர் 13, வெள்ளி

நரம்பியல் டாக்டரிடம் வேறு பெயரில் நேரம் வாங்கினேன். மதியம் கூப்பிட்டு ரத்து செய்துவிட்டேன். எதிர்முனைப் பெண் காரணம் கேட்டாள். நோயாளி ஊரில் இல்லை என்றேன்.

டிசம்பர் 19, வியாழன்

நான்கு சிலிண்டர் வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. பழைய வண்டியைப் பட்டறையில் விட்டபோது ஜாபர் அண்ணன், “ஒரு மாசத்துக்கு இதை யாருக்கும் தர மாட்டேன் டீச்சர்” என்றார்.

“ஏன், நான் திரும்பி வருவேன்னா?”

“தெரியலீங்க. மூனுல ஏறுனீங்கன்னு சொன்னீங்கல்ல, அது என் தலைக்குள்ளயே நிக்குது. நீங்க அப்படி ஏறுற ஆளில்ல.”

நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன். ஹெல்மெட் மாட்டினால் பதில் சொல்ல வேண்டியதில்லை.

சென்ற வாரம் ஒன்றும் நடக்கவில்லை. இந்த வாரமும் ஒன்றும் நடக்கவில்லை. எனக்குத் தெரிந்தவரை.

டிசம்பர் 22, ஞாயிறு. புது வண்டியின் ஓடோமீட்டர் 31,277

எல்லாவற்றையும் எழுதுகிறேன். வரிசை மாறாமல் எழுத வேண்டும்.

ஏழு மணிக்கு ஆழியாறு. மிருதுளா பின்னால். இரண்டு ஹெல்மெட்டிலும் பேசும் கருவி இருக்கிறது, அவள் குரல் என் காதுக்குள்ளேயே கேட்கும். பொள்ளாச்சியிலிருந்தே ஒரு கதை சொல்லிக்கொண்டு வந்தாள். அவளுடைய அறைத்தோழி வளர்க்கும் பூனை, வீட்டுக்காரர் வரும்போதெல்லாம் அதைப் பெட்டிக்குள் ஒளித்து வைக்கிற பாடு. நான் சிரித்துக்கொண்டே எண்ணைச் சொல்லிக்கொண்டு ஏறினேன். ஐந்து. ஆறு. பனி விலகி வெயில் வந்தது. வண்டி பட்டுப் போல ஏறியது. ஏழு.

“...கோவமாம்மா?”

அவள் குரல் மாறியிருந்தது. பூனை இல்லை, சிரிப்பு இல்லை.

“ஏங்கண்ணு?”

“பேசவே மாட்டீங்கற. அதுக்குன்னு அந்த பஸ்சுக்குக் கூடவா வழி விடாமப் போவ? டிரைவர் தலைய நீட்டித் திட்டறாரு, நீ பாட்டுக்குப் போற. நான் கேட்டது தப்புன்னா தப்புன்னு சொல்லு.”

எந்த பஸ்?

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது கியரில், நடக்கிற வேகத்தில், ஒரு முனகல் இல்லை, உலுக்கல் இல்லை. என் கைகள் கைப்பிடியில் ஒழுங்காக இருந்தன. கண்ணாடியில் பார்த்தேன். கீழே, எட்டாவது வளைவில், அரசுப் பேருந்து ஒன்று குறுக்கே நின்று, இப்போதுதான் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. நாங்கள் சாலையின் வலது ஓரத்தில் போய்க்கொண்டிருந்தோம். பஸ் வர வேண்டிய ஓரத்தில்.

இடது பக்கம் ஒதுங்கி, காட்சிமுனையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்தேன். மிருதுளா இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். இருபத்தியொரு வயது. முதுகில் என் பழைய மழைக்கோட்டு. அதன் மேல் ஒரு கீறல்கூட இல்லை. அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

தப்பிக்க வழி இருந்தது. ஒரே ஒரு வார்த்தை போதும். ‘ஆமா, கோவந்தான்’ என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். அம்மா கோபத்தில் பேசவில்லை, கோபத்தில் வழி விடவில்லை. அவளே எனக்காகப் பொய்யைத் தயாராகச் செய்து கையில் வைத்திருந்தாள், நான் வாங்கிக்கொண்டால் போதும். வாயைக்கூடத் திறந்துவிட்டேன்.

“நீ என்ன கேட்டேன்னு எனக்குத் தெரியாது கண்ணு. எனக்குக் கேக்கல.”

“மைக் ஒழுங்காத்தானம்மா இருந்துச்சு?”

“மைக் ஒழுங்காத்தான் இருந்துச்சு. நான்தான் இல்ல. ஏழு சொன்னது தெரியும். பஸ்ஸைப் பாக்கல. எட்டு எனக்குத் தெரியாது.”

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத வரவில்லை. அருகில் வந்து என் தோளைப் பிடித்தாள்.

“என்ன கேட்ட? சொல்லு.”

“உனக்கு என்னம்மா ஆகுதுன்னு கேட்டேன். ரெண்டு வாட்டி கேட்டேன்.” மூக்கை உறிஞ்சினாள். “அப்பாதான் போன மாசமே கூப்புட்டாரு. அம்மா அப்பப்ப எங்கயோ போயிட்டு வர்றா, பாத்துட்டே நிக்கறா, கூப்புட்டா கேக்க மாட்டீங்கறா, மனசுல எதோ பாரம் இருக்குது, என்கிட்ட சொல்ல மாட்டா, நீ வந்து பேச்சுக் குடுத்துப் பாருன்னாரு. பைக்ல போறப்பதான் நீ நல்லாப் பேசுவ, அதனால அங்க கேக்கலாம்னு நான்தான்...”

வண்டியிலிருந்து சாவியை எடுத்தேன். அவள் உள்ளங்கையை விரித்து அதில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, என் இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டேன்.

“சின்ன மாமாவுக்கு இருந்தது என்னன்னு தெரியுமா உனக்கு?”

“தெரியாது.”

“வலிப்பு” என்றேன். “எனக்கும் அதுவாத்தான் இருக்கும்.”

மிருதுளா போன் செய்து, நல்லசிவம் காரில் வந்து சேர இரண்டரை மணி நேரம் ஆனது. கூடவே, வண்டியை ஓட்டிக்கொண்டு போக ஜாபர் அண்ணனும். அதுவரை நாங்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்தோம். காபி ஆறிவிட்டது. மிருதுளா பூனைக் கதையை விட்ட இடத்திலிருந்து சொல்லி முடித்தாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் “கேக்குதாம்மா?” என்றாள். நான் ஒவ்வொரு தடவையும் “ம்” என்றேன்.

நல்லசிவம் வந்ததும் மகளைத்தான் முதலில் தொட்டுப் பார்த்தார், தலை, கை, தோள். பிறகு என் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு காருக்கு நடந்தார்.

“வலது கைதான வலிச்சுது?” என்றார்.

“ரெண்டும் வலிக்கலைங்க” என்றேன்.

டிசம்பர் 24, செவ்வாய்

மருத்துவமனை. இந்தத் தடவை என் சொந்தப் பெயரில், பூங்கோதை, வயது நாற்பத்தைந்து. காத்திருக்கும் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நல்லசிவம் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு, எண் மாறுகிற பலகையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

எப்போதிருந்து, எத்தனை தடவை என்று டாக்டர் கேட்பார், தேதியோடு எழுதி எடுத்துவாருங்கள் என்று செவிலியர் போனில் சொன்னார். எழுதத் தேவையில்லை, எழுதித்தான் இருக்கிறது. காலையில் இந்த நோட்டை எடுத்து, மாணவர்களின் ஆய்வக ரெக்கார்டைத் திருத்துகிற சிவப்புப் பேனாவால் திருத்தினேன். ‘ஆய்வகத் தணிக்கையைப் பற்றி யோசித்துக்கொண்டு வந்திருப்பேன்’ என்ற வரியை அடித்தேன். ‘மேம்பாலம் வழியாக வந்திருப்பேன்’ என்பதை அடித்தேன். இண்டிகேட்டர், மணிக்கட்டு, வகுப்பில் சொன்ன ‘தெரியும்’. ‘ஓட்டுகிறவளுக்கு நிம்மதி’ என்பதை இரண்டு கோடு போட்டு அடித்தேன். ‘எனக்குத் தெரிந்தவரை’ என்பதை மட்டும் அடிக்கவில்லை, அடிக்கோடு இட்டேன். எண்ணிப் பார்த்தால் ஆறு தடவை. எனக்குத் தெரிந்து ஆறு.

ஜாபர் அண்ணன் நேற்று நான்கு சிலிண்டரைப் பட்டறையில் போட்டுவிட்டு, என் பழைய வண்டியை ஓட்டிக்கொண்டுவந்து போர்ட்டிகோவில் நிறுத்திவிட்டுப் போனார். ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லப் போகிறார், எத்தனை மாதம் என்பதுதான் தெரியாது. சாவி மிருதுளாவிடம் இருக்கிறது. பேட்டரி இறங்காமல் இருக்க இன்று காலை அவள் வண்டியை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டாள். சமையலறையில் நின்று கேட்டேன். இரண்டு சிலிண்டரும் தெளிவாகக் கேட்டன. நடுவில் “அம்மா” என்று கூப்பிட்டாள். உடனே “ம்” என்றேன். உடனேதானா என்று அவள் வந்து எட்டிப் பார்த்தாள்.

பயமாக இருக்கிறது. இதை அடிக்கப் போவதில்லை.

எண் மாறிவிட்டது. நல்லசிவம் எழுந்து நின்று கையை நீட்டுகிறார். நோட்டை அவரிடம் கொடுக்க வேண்டும், அவர் முதலில் படிக்கட்டும்.

ஓடோமீட்டர் 18,584. ஓட்டியது நான் இல்லை.